டேட்டாபேஸுக்கு ஸ்டோரேஜ் வர்ச்சுவலைசேஷன் ஒத்துவருமா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது ஸ்டோரேஜ் வாங்கப் போகிறோம், டேட்டாபேஸை வர்ச்சுவல் மெஷினுக்குள் கொண்டுபோகப் போகிறோம், கிளவுடுக்கு மாறப் போகிறோம் என்று பேச்சு கிளம்பும்போதெல்லாம் என்னிடம் வரும் கேள்விகள் ஏறக்குறைய இவைதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது, அதனால் ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன். நான் டேட்டாபேஸ் பக்கத்து ஆள். ஸ்டோரேஜ் பக்கத்துக்காரர்கள் சில இடங்களில் முறைப்பார்கள், பரவாயில்லை. உதாரணங்கள் பெரும்பாலும் போஸ்ட்கிரெஸிலிருந்து வரும், ஆனால் விஷயம் மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

ஸ்டோரேஜ் வர்ச்சுவலைசேஷன் என்று எதைச் சொல்கிறீர்கள்?

டேட்டாபேஸ் ஒரு டிஸ்கைப் பார்க்கிறது, அந்த டிஸ்க் நிஜத்தில் டிஸ்க் இல்லை. அவ்வளவுதான். லினக்ஸில் எல்விஎம் போட்டு வால்யூம் பிரித்தால் அதுவும் இதுதான். விஎம்வேரில் ஒரு விஎம்டிகே ஃபைலை டிஸ்க் என்று காட்டுவதும், ஸ்டோரேஜ் பெட்டிக்குள் நூறு டிஸ்கை ஒரே குளமாக்கி அதிலிருந்து லன் (சர்வருக்கு ஒரு டிஸ்காகத் தெரியும் துண்டு) வெட்டிக் கொடுப்பதும், பல கம்பெனிப் பெட்டிகளுக்கு முன்னால் ஒரு பெட்டியை நிறுத்தி எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டுவதும் இதுதான் (ஐபிஎம் 2003-லேயே எஸ்விசி என்று ஒன்றை இதற்காக விற்க ஆரம்பித்துவிட்டது). செஃப், விசான் (பல சர்வர்களின் டிஸ்கை ஒன்றாக்கும் மென்பொருள்கள்), கிளவுடில் கிடைக்கும் ப்ளாக் வால்யூம் எல்லாம் இதே குடும்பம்.

மதிப்பீடு செய்ய உட்காரும்போது முதல் வேலை, உங்கள் டேட்டாபேஸுக்கும் கடைசி ஃப்ளாஷ் சிப்புக்கும் நடுவே இப்படி எத்தனை அடுக்கு இருக்கிறது என்று காகிதத்தில் வரைவது. பெரும்பாலும் மூன்று நான்கு இருக்கும். ஃபைல் சிஸ்டத்துக்குக் கீழே எல்விஎம், அதற்குக் கீழே வர்ச்சுவல் டிஸ்க், அதற்குக் கீழே ஹைப்பர்வைசரின் (வர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருளின்) டேட்டாஸ்டோர், அதற்குக் கீழே நெட்வொர்க், அப்புறம் பெட்டியின் குளம். இந்தப் படத்தை முழுசாக வரையத் தெரிந்தவர் ஆபீஸில் ஒருவர்கூட இல்லை என்பது பல இடங்களில் அந்த நாளில்தான் தெரியவரும்.

அடுக்கு கூடினாலே வேகம் குறையும்தானே?

குறையும், எவ்வளவு என்பதுதான் கேள்வி. டேட்டாபேஸ் கேட்கும் முகவரியை நிஜ முகவரியாக மாற்றும் வேலைக்கு மைக்ரோசெகண்டுகள்தான் ஆகும். 7200 ஆர்பிஎம் டிஸ்க் பாதிச் சுற்று சுற்றவே சராசரியாக 4 மில்லிசெகண்டுக்கு மேல் எடுத்துக்கொண்ட காலத்தில் அந்த மைக்ரோசெகண்டுகளை யாரும் கவனிக்கவில்லை. இன்று ஒரு நல்ல என்விஎம்இ டிரைவ் ஒரு ரீடை 100 மைக்ரோசெகண்டு அளவில் முடித்துவிடுகிறது. அதன் முன்னால் ஒரு நெட்வொர்க் பயணம், ஒரு ஹைப்பர்வைசர் க்யூ, மூன்று பிரதி எழுதும் ஒரு கிளஸ்டர் என்று வைத்தால் டிரைவ் எடுக்கும் நேரத்தைவிட வழியில் ஆகும் நேரம் கூடிவிடும். "பதினைந்து வருடத்துக்கு முன்னாலேயே டெஸ்ட் பண்ணிப் பார்த்தோம், வித்தியாசமே இல்லை" என்று யாராவது சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, அன்றைய டிஸ்க் மெதுவாக இருந்ததால் வித்தியாசம் அவர் கண்ணில் படவில்லை.

விற்பவர் 10 லட்சம் ஐஓபிஎஸ் (நொடிக்கு எத்தனை ரீட், ரைட்) வரும் என்கிறார். எங்களுக்குத் தேவையே 20 ஆயிரம்தான். அப்புறம் என்ன கவலை?

கவலை அந்த எண் எப்படி வந்தது என்பதில் இருக்கிறது. ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கை வரிசையில் நிற்கிறதோ அதை, ஒரு கோரிக்கைக்கு ஆகும் நேரத்தால் வகுத்தால் ஐஓபிஎஸ் வரும். ஒரு கோரிக்கைக்கு 1 மில்லிசெகண்ட் ஆகும் மெதுவான வால்யூமிலும் 32 கோரிக்கைகளை ஒன்றாகத் தள்ளினால் நொடிக்கு 32,000 காட்டும். பெட்டி தாங்கும் வரை இன்னும் தள்ளினால் இன்னும் காட்டும். விளம்பரத் தாளில் வரும் எண்கள் இப்படி நூற்றுக்கணக்கான கோரிக்கைகளை ஒரே சமயத்தில் கொட்டி எடுத்தவை, அதுவும் பெரும்பாலும் 4 கேபி ரீட்.

உங்கள் டேட்டாபேஸில் ஒருவர் கமிட் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும்போது அவருக்கு க்யூ ஆழம் (வரிசையில் நிற்கும் கோரிக்கை) 1. அவருடைய லாக் (மாற்றங்களை முதலில் எழுதிவைக்கும் பதிவு) டிஸ்கில் இறங்கி (இதுதான் ஃப்ளஷ்), "எழுதிவிட்டேன்" என்று பதில் வந்தால்தான் அவர் அடுத்த வேலைக்குப் போக முடியும். அதே 1 மில்லிசெகண்ட் வால்யூமில் அந்த ஒருவர் நொடிக்கு அதிகபட்சம் 1000 கமிட் செய்யலாம், பெட்டி பத்து லட்சம் தாங்கினாலும் சரி, பத்துக் கோடி தாங்கினாலும் சரி. ராத்திரி ஓடும் ஒரு பேட்ச் வேலை 50 லட்சம் வரிசைகளை ஒவ்வொன்றாகக் கமிட் செய்கிறது என்று வையுங்கள் (அப்படி எழுதக் கூடாது, ஆனால் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள்). ஃப்ளஷுக்கு 0.1 மில்லிசெகண்ட் என்றால் காத்திருப்பு மட்டும் எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். 1 மில்லிசெகண்ட் என்றால் 83 நிமிடம். பழைய சர்வரில் உள்ளேயே இருந்த டிஸ்கிலிருந்து "பத்து மடங்கு வேகமான" புதுப் பெட்டிக்கு மாறிய பிறகு பேட்ச் காலை வரைக்கும் முடியவில்லை என்று வரும் புகார்களில் நான் பார்த்த பாதி, இந்தக் கணக்குதான்.

அப்படியென்றால் எதை அளக்க வேண்டும்?

லாக் ஃப்ளஷ் நேரத்தை முதலில். ஒரே ஒரு எண்ணை மட்டும் அளக்க விடுவார்கள் என்றால் அதையே அளப்பேன். போஸ்ட்கிரெஸோடு பிஜி_டெஸ்ட்_எஃப்சிங்க் என்று ஒரு சின்ன நிரல் வருகிறது, வால் (WAL, போஸ்ட்கிரெஸ் தன் லாக்குக்கு வைத்த பெயர்) இருக்கப்போகும் வால்யூமில் ஓட்டினால் ஒரு ஃப்ளஷுக்கு எத்தனை மைக்ரோசெகண்ட் என்று சொல்லிவிடும், ஒரு நிமிட வேலை. ஆரக்கிளில் "லாக் ஃபைல் சிங்க்" காத்திருப்பு, எஸ்க்யூஎல் சர்வரில் "ரைட்லாக்" காத்திருப்பு, இவை உங்கள் பழைய கணினியில் இப்போது எவ்வளவு என்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட அது இல்லாமல் புது எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

அடுத்தது தனித்தனிப் பக்கங்களைத் தேடிப் படிக்கும் நேரம். போஸ்ட்கிரெஸும் எஸ்க்யூஎல் சர்வரும் 8 கேபி, ஆரக்கிளும் கேட்காவிட்டால் 8 கேபி, மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி 16 கேபி பக்கம் வைத்துக்கொள்கின்றன. 4 கேபியில் எடுத்த எண்ணைக் காட்டினால் உங்கள் பக்க அளவில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, முழு டேபிளையும் வாரிப் படிக்கும் வேகமும் பேக்கப் வேகமும். இதை மறந்துவிடுகிறார்கள். நொடிக்கு 125 எம்பி வரம்புள்ள வால்யூமில் 500 ஜிபி டேபிளைப் படிக்க ஒரு மணி எட்டு நிமிடம் ஆகும், ஐஓபிஎஸ் எவ்வளவு வாங்கியிருந்தாலும். ரீஸ்டோர் செய்ய வேண்டிய நாளில் இது ஞாபகம் வரும்.

பலர் ஒரே நேரத்தில் கமிட் செய்தால் எல்லாருடைய லாக்கும் சேர்ந்து ஒரே ஃப்ளஷில் போகும்தானே?

போகும், அதனால்தான் நூறு பேர் உபயோகிக்கும் வெப் அப்ளிகேஷன் மெதுவான ஃப்ளஷிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. ஆனால் ஒரே வரிசையை எல்லாரும் மாற்ற அடித்துக்கொண்டால், உதாரணத்துக்கு இருப்புக் கணக்கில் ஒரு சூடான பொருள், அப்போது ஒருவர் கமிட் முடியும் வரை பூட்டைப் பிடித்துக்கொண்டிருப்பார், பின்னால் எல்லாரும் வரிசை கட்டுவார்கள். ஃப்ளஷ் நேரம் அப்படியே பூட்டு நேரமாக மாறும். கூட்டம் இருந்தும் பயன் இல்லை.

ஃபியோ (டிஸ்க் வேகத்தை அளக்கும் நிரல்) ஓட்டிப் பார்த்தோம், அருமையான எண்கள் வந்தன. நம்பலாமா?

எப்படி ஓட்டினீர்கள்? நான் பார்த்ததில் திரும்பத் திரும்ப வரும் தவறுகள் சில.

எழுதாத இடத்தைப் படிப்பது. தின் ப்ரொவிஷன் செய்த (எழுதும்போதுதான் குளத்திலிருந்து இடம் எடுக்கும்) வால்யூமில் இதுவரை எழுதப்படாத ப்ளாக்கைக் கேட்டால், அது எங்கேயும் இல்லை என்று மேலடுக்குக்கே தெரியும், டிஸ்கைத் தொடாமலே சைபர்களைத் திருப்பிக் கொடுத்துவிடும். புது வால்யூமில் நேராக ரீட் டெஸ்ட் ஓட்டி, "ஆகா என்ன வேகம்" என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து மேனேஜருக்கு அனுப்பியவர்களில் நானும் ஒருவன். முதலில் முழு வால்யூமையும் நிஜமான டேட்டாவால் ஒருமுறை நிரப்புங்கள், அப்புறம் படியுங்கள்.

சுருங்கும் டேட்டா. பெட்டி கம்ப்ரெஷனும் டீடூப்பும் (ஒரே மாதிரித் துண்டுகளை ஒருமுறை மட்டும் வைப்பது) செய்யும் என்றால், ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப எழுதும் டெஸ்ட் பெட்டிக்குள் கிட்டத்தட்ட ஒன்றுமே எழுதாது. ஃபியோவில் ஒவ்வொரு முறையும் பஃபரைப் புதிதாக நிரப்பச் சொல்லும் விருப்பம் இருக்கிறது, எவ்வளவு சதவீதம் சுருங்க வேண்டும் என்றும் சொல்லலாம். அதைப் போடுங்கள்.

கேஷுக்குள் அடங்கிவிடும் டெஸ்ட். 10 ஜிபி ஃபைலில் ஓட்டினால் பெட்டியின் மெமரியைத்தான் அளக்கிறீர்கள். உங்கள் டேட்டாபேஸில் தினமும் தொடப்படும் அளவைவிடப் பெரிதாக, பெட்டியின் கேஷைவிடப் பல மடங்காக வையுங்கள்.

அப்புறம், முடிவைத் தவறான வரியில் படிப்பது. டைரக்ட் ஐஓ (பேஜ் கேஷ் என்ற லினக்ஸ் மெமரியைத் தாண்டி நேராக எழுதுவது) இல்லாமல், ஒவ்வொரு ரைட்டுக்குப் பின்னும் எஃப்டேட்டாசிங்க் (எழுதியதை டிஸ்கில் இறக்கச் சொல்லும் அழைப்பு) போட்டு ஓட்டினால், ஃபியோ ரைட் நேரத்தை ஒரு வரியிலும் சிங்க் நேரத்தைக் கீழே தனி வரியிலும் காட்டும். மேலே இருக்கும் வரி பேஜ் கேஷில் வைத்துவிட்டு வந்த நேரம், சில மைக்ரோசெகண்ட்தான் இருக்கும். டேட்டாபேஸ் காத்திருக்கப்போவது கீழே இருக்கும் வரிக்காக. ஒருமுறை இரண்டு டீம்களுக்கு நடுவே ஒரு வாரம் ஓடிய சண்டையே இந்த இரண்டு வரிகளில் யார் எதைப் பார்த்தார்கள் என்பதுதான்.

எவ்வளவு நேரம் ஓட்ட வேண்டும்?

ஐந்து நிமிடம் போதாது. கிளவுடில் இது கண்கூடாகத் தெரியும். அமேசானின் பழைய ஜிபி2 (gp2) வகை வால்யூமை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு ஜிபிக்கு 3 ஐஓபிஎஸ் அடிப்படை, ஆனால் 54 லட்சம் கிரெடிட் உள்ள ஒரு வாளியோடு வரும், அது தீரும்வரை 3000 வரை அடிக்கலாம். 100 ஜிபி வால்யூமுக்கு அடிப்படை 300தான். முழு வேகத்தில் ஓட்டினால் நொடிக்கு 2700 கிரெடிட் குறையும், வாளி காலியாக 2000 நொடி, அதாவது 33 நிமிடம். அரை மணி நேர டெஸ்ட் ஓட்டியவர் 3000 என்று எழுதி வைப்பார், நாற்பதாவது நிமிடத்தில் நிஜம் 300. புதிய ஜிபி3-யில் வாளி இல்லை, எந்த அளவானாலும் 3000-த்தில் ஆரம்பிக்கிறது, ஆனால் வால்யூமுக்கு ஒரு வரம்பு இருப்பதுபோல கணினிக்கும் தனியாக ஒரு வரம்பு உண்டு. சின்னக் கணினியில் பெரிய வால்யூமை மாட்டினால் கணினியின் வரம்பில்தான் முட்டும்.

சொந்தப் பெட்டி என்றாலும் இதே கதைக்கு வேறு பெயர்கள்: ரைட் கேஷ் நிரம்பும் வரை ஒரு வேகம், நிரம்பிய பிறகு வேறு வேகம், எஸ்எஸ்டி காலியாக இருக்கும்போது ஒன்று, நிரம்பி உள்ளே குப்பை அள்ளும்போது வேறொன்று. போஸ்ட்கிரெஸில் செக்பாயின்ட் (மெமரியில் மாறிய பக்கங்களை டிஸ்கில் கொட்டுவது) இயல்பாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை வரும், அது வரும்போது லாக் ஃப்ளஷ் என்ன ஆகிறது என்பது பார்க்க வேண்டிய விஷயம். நான் குறைந்தது நான்கு மணி நேரம் ஓட்டுவேன், முடிந்தால் ஒரு முழு இரவு.

சராசரி 0.6 மில்லிசெகண்ட். நல்லதுதானே?

சராசரியைத் தூக்கி ஓரமாக வையுங்கள். 99-வது, 99.9-வது பெர்சென்டைல் என்ன? ஒரு பக்கத்தைக் காட்ட உங்கள் அப்ளிகேஷன் 50 தடவை டிஸ்குக்குப் போகிறது என்றால், நூற்றில் ஒன்று மெதுவாக இருந்தாலே கிட்டத்தட்ட ஐந்து பக்கங்களில் இரண்டு அதில் மாட்டும். பயனருக்குச் சராசரி தெரியாது, அவர் மாட்டிக்கொண்ட அந்த ஒன்றுதான் தெரியும். வர்ச்சுவல் அடுக்குகள் சராசரியைக் கொஞ்சம்தான் கெடுக்கும், மெதுவான அந்தச் சில கோரிக்கைகளைத்தான் இன்னும் மெதுவாக்கும். அதனால் நொடிக்கு நொடி பதிவு எடுத்து வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். தட்டையான கோட்டில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கூர்முனை எழுந்தால் அந்த நேரத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்று தேடலாம்.

வேகம் சரி. டேட்டா பத்திரமாக இருக்குமா என்று எப்படிச் சோதிப்பது?

நல்ல கேள்வி, இதைக் கேட்பவர்கள் குறைவு. டேட்டாபேஸ் எஃப்சிங்க் (இதுவும் டிஸ்கில் இறக்கச் சொல்லும் அழைப்புதான்) கூப்பிட்டு "ஆச்சு" என்று பதில் வந்தால், மின்சாரம் போனாலும் அது இருக்கும் என்று நம்பித்தான் பயனருக்குக் கமிட் ஆனதாகச் சொல்கிறது. நடுவில் இருக்கும் அடுக்குகளில் ஏதாவது ஒன்று அந்த ஃப்ளஷைக் கீழே அனுப்பாமல் தானே "ஆச்சு" என்று சொல்லிவிட்டால் போச்சு. க்யூஇஎம்யூ என்ற ஹைப்பர்வைசரில் "அன்சேஃப்" என்று பெயர் வைத்தே ஒரு கேஷ் முறை இருக்கிறது, கெஸ்ட் (உள்ளே ஓடும் வர்ச்சுவல் மெஷின்) அனுப்பும் ஃப்ளஷை அது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. இன்ஸ்டலேஷன் சீக்கிரம் முடியட்டும் என்று யாரோ போட்டுவிட்டு மாற்ற மறந்தால், உங்கள் டெஸ்டில் அந்தக் கணினிதான் முதல் பரிசு வாங்கும். பேட்டரியோ கெப்பாசிட்டரோ இல்லாத சாதாரண எஸ்எஸ்டி ஒன்று ஃப்ளஷ் நேரம் 10 மைக்ரோசெகண்ட் என்று காட்டினால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

சோதிக்கும் வழி முரட்டுத்தனமானது: ஒயரைப் பிடுங்குவது. வேறொரு கணினியிலிருந்து தொடர்ந்து வரிசைகளைச் செருகி, எந்த எண்வரை கமிட் உறுதியானது என்பதை அந்த வேறு கணினியிலேயே எழுதி வைத்துக்கொண்டு, ஹோஸ்டின் மின்சாரத்தை நிஜமாகவே துண்டியுங்கள். கெஸ்டை மட்டும் ஷட்டவுன் செய்வது கணக்கில் சேராது. திரும்பி வந்ததும் எண்களை ஒப்பிடுங்கள். டிஸ்க்செக்கர் என்று இதற்கென்றே ஒரு பழைய ஸ்கிரிப்ட் உண்டு, போஸ்ட்கிரெஸ் ஆவணத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். ஒருமுறை செய்தால் போதாது, ஐந்தாறு தடவையாவது. புது ஹார்ட்வேர் இன்னும் யாருடைய டேட்டாவையும் சுமக்காத அந்த இரண்டு வாரத்தில்தான் இதைச் செய்ய முடியும், அப்புறம் யாரும் விடமாட்டார்கள்.

தின் ப்ரொவிஷனிங் வேண்டுமா, வேண்டாமா?

டெவலப்மென்டுக்கு வேண்டும், ப்ரொடக்‌ஷனுக்கு எனக்குப் பிடிக்காது. காரணம் வேகம் இல்லை. வால்யூமில் 40 சதவீதம் காலி என்று டேட்டாபேஸ் பார்க்கிறது, கீழே குளத்தில் துளி இடம் இல்லை. இந்தச் செய்தி டேட்டாபேஸுக்கு எப்படி வருகிறது? "இடம் இல்லை" என்று மரியாதையாக அல்ல. ரைட் தொங்கும், அல்லது ஐஓ பிழை வரும், அல்லது வர்ச்சுவல் மெஷினே நிறுத்தப்படும். லினக்ஸின் தின் குளம் இயல்பாக 60 நொடி காத்துப் பார்த்துவிட்டுப் பிழை கொடுக்கும்.

அந்தப் பிழை வரும் இடம்தான் ஆபத்து. ரைட் என்பது முதலில் லினக்ஸின் மெமரிக்குள் போகிறது, வெற்றி என்று சொல்லப்படுகிறது. இடம் இல்லை என்பது பின்னால் ஃப்ளஷ் செய்யும்போதுதான் தெரிகிறது. 2018-ல் போஸ்ட்கிரெஸ்காரர்கள் தலையில் இடி விழுந்த மாதிரி ஒன்றைக் கண்டுகொண்டார்கள்: எஃப்சிங்க் ஒருமுறை தோற்றால், லினக்ஸ் அந்தப் பக்கங்களைச் சுத்தம் என்று குறித்துவிடும், மறுபடி எஃப்சிங்க் கூப்பிட்டால் வெற்றி என்று சொல்லும், டேட்டா டிஸ்கில் இருக்காது. போஸ்ட்கிரெஸோ அதுநாள்வரை தோற்றால் மறுபடி முயற்சி செய்யும் வழக்கம் வைத்திருந்தது. 2019 பிப்ரவரியில் வந்த திருத்தங்களிலிருந்து, எஃப்சிங்க் தோற்றால் சர்வர் அலறிக்கொண்டு விழுந்து லாக்கிலிருந்து மீண்டு எழும். அதைவிடப் பழைய பதிப்பை இன்னும் தின் வால்யூமில் ஓட்டுபவர்கள் இருந்தால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள்.

எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படிப் போயிருக்கிறது. குளத்தில் 98 சதவீதம் என்று எச்சரிக்கை வந்தது, நான் அவசரமாகப் பழைய டேட்டாவை டிலீட் செய்தேன். எண் குறையவில்லை, ஏறியது! யோசித்தால் சிரிப்புதான்: டிலீட் என்பது டேட்டாபேஸுக்கு ஒரு ரைட், லாக்கிலும் எழுதும். வரிசைகள் போனாலும் ஃபைல் சுருங்காது, ஃபைல் போனாலும் கீழே ட்ரிம் (இந்த இடம் இனி வேண்டாம் என்ற கட்டளை) அனுப்பாத வரை குளத்துக்குத் தெரியாது. கடைசியில் வேறு யாருடைய டெஸ்ட் வால்யூமையோ அழித்துத்தான் தப்பித்தோம். தின் வைத்தே ஆக வேண்டும் என்றால் குளத்தின் அளவைக் கண்காணிக்கும் எச்சரிக்கை டேட்டாபேஸ் ஆட்களின் போனுக்கும் வர வேண்டும், ஸ்டோரேஜ் டீமுக்கு மட்டும் போகக் கூடாது.

ஸ்நாப்ஷாட் எடுத்தால் பேக்கப் தேவையில்லைதானே?

தேவை. ஸ்நாப்ஷாட் அதே குளத்தில் இருக்கிறது, குளம் போனால் இரண்டும் போகும்.

ஆனால் ஸ்நாப்ஷாட் உபயோகமானதுதான். நொடியில் எடுத்துவிடலாம், திரும்பி வரும்போது டேட்டாபேஸ் மின்சாரம் போய் வந்தது போல நினைத்துக்கொண்டு லாக்கை ஓட்டி எழுந்துவிடும். நிபந்தனை ஒன்று: எல்லா வால்யூம்களும் ஒரே கணத்தில் உறைய வேண்டும். டேட்டா ஒரு வால்யூம், வால் வேறு வால்யூம் என்றால், முதலாவதை எடுத்து இரண்டு நொடி கழித்து இரண்டாவதை எடுத்தால் அது குப்பை, சில சமயம் சத்தமில்லாமல் எழுந்து நிற்கும் குப்பை. பெட்டியில் கன்சிஸ்டென்சி க்ரூப் வசதி இருக்கிறதா, உங்கள் வால்யூம்கள் எல்லாம் அதில் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லை என்றால் போஸ்ட்கிரெஸின் பேக்கப் ஸ்டார்ட், ஸ்டாப் அழைப்புகளுக்கு நடுவே எடுத்து, அந்த இடைவெளியின் வாலையும் சேர்த்து வைக்க வேண்டும்.

மதிப்பீட்டின்போது முழு லோடு ஓடும் நேரத்தில் ஸ்நாப்ஷாட் எடுத்து, அதை வேறு கணினியில் ஏற்றி, செக்சம் சரிபார்ப்பும் பிஜி_ஆம்செக்கும் (டேபிளும் இண்டெக்ஸும் கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் நிரல்) ஓட்டுங்கள். எடுக்கும்போது ஃப்ளஷ் நேரம் எவ்வளவு குதித்தது என்பதையும், அழிக்கும்போது எவ்வளவு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அழிக்கும்போதுதான் வலி அதிகம்: ஹைப்பர்வைசர் மட்டத்து ஸ்நாப்ஷாட்டை அழித்தால் சேர்ந்திருந்த மாற்றங்களை எல்லாம் தாய் டிஸ்கில் சேர்க்க வேண்டும், முடிவில் கணினி ஒரு கணம் உறையும். அந்த ஒரு கணம் நீண்டால் க்ளஸ்டர் மென்பொருள் "இவன் செத்துவிட்டான்" என்று முடிவு செய்து ஃபெயில்ஓவர் செய்துவிடும்.

டீடூப், கம்ப்ரெஷன்?

கம்ப்ரெஷன் சரி. டேட்டாபேஸ் பக்கங்களில் டீடூப் பெரிதாக எதையும் மிச்சம் பிடிக்காது, ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் வேறு எண் இருக்கும். டேட்டாபேஸே என்க்ரிப்ட் செய்து எழுதினால் இரண்டும் பூஜ்யம். "5 மடங்கு மிச்சமாகும்" என்ற கணக்கில் பாதி டிஸ்க் வாங்கிவிடாதீர்கள்.

லாக்குக்கும் டேட்டாவுக்கும் தனித்தனி டிஸ்க் என்ற பழைய அறிவுரை இன்னும் செல்லுமா?

பாதி செல்லும். தனித்தனி லன் வாங்கினாலும் இரண்டும் ஒரே குளத்தின் அதே டிரைவ்களில்தான் உட்காரும், அதனால் ஒன்றை ஒன்று தடுக்காது என்ற பழைய காரணம் போய்விட்டது. ஆனாலும் நான் பிரித்தே வைப்பேன்: ஒவ்வொரு வால்யூமுக்கும் தனி க்யூ, செக்பாயின்ட் கொட்டும்போது லாக் பின்னால் நிற்க வேண்டியதில்லை, அளப்பதும் சுலபம். ஸ்நாப்ஷாட் விஷயத்தில் மேலே சொன்ன ஜாக்கிரதை வேண்டும்.

வேறு ஊர் டேட்டா சென்டருக்கு உடனுக்குடன் பிரதி எடுத்தால் என்ன ஆகும்?

ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். 100 கிலோமீட்டர் போய் வர 1 மில்லிசெகண்ட், கருவிகளின் நேரம் தனி. அது ஒவ்வொரு கமிட்டிலும் சேரும். எந்தக் கம்பெனிப் பெட்டி வாங்கினாலும் இது குறையாது. ஸ்டோரேஜ் பிரதிக்குப் பதில் டேட்டாபேஸின் சொந்த ரெப்ளிகேஷன் போதுமா என்று முதலில் கேளுங்கள். லாக்கை மட்டும்தான் அது அனுப்பும், எந்தக் கமிட் காத்திருக்க வேண்டும் என்பதையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம், கெட்டுப்போன ப்ளாக்கை அப்படியே அந்தப் பக்கமும் நகல் எடுத்து வைக்காது.

எங்கள் பக்கம் 8 மில்லிசெகண்ட் காட்டுகிறது. ஸ்டோரேஜ் டீம் 0.5தான் என்கிறார்கள். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும். பெட்டி, தன் வாசலுக்கு வந்த கோரிக்கையைத் தன் வாசலைவிட்டு அனுப்பும் வரை அளக்கிறது. உங்கள் கோரிக்கை அந்த வாசலுக்கு வரும் முன்பே எங்கோ வரிசையில் நிற்கிறது.

எங்கே என்று தேடத்தான் முதலில் வரைந்த படம். விஎம்வேரில் எல்எஸ்ஐ எஸ்ஏஎஸ் கண்ட்ரோலர் போட்டிருந்தால் ஒரு டிஸ்குக்கு 32 கோரிக்கைதான் ஒரே சமயத்தில் போகும், பிவிஸ்கஸி போட்டால் இயல்பாக 64. டேட்டாபேஸ் செக்பாயின்டில் 300 ரைட்டை ஒன்றாகக் கொட்டினால் மீதி எல்லாம் கெஸ்டுக்குள்ளேயே நிற்கும், பெட்டிக்கு அவை இருப்பதே தெரியாது. கெஸ்டில் ஐஓஸ்டாட் ஓட்டி ரீடுக்கும் ரைட்டுக்கும் தனித்தனிக் காத்திருப்பையும் வரிசை நீளத்தையும் பாருங்கள். அதே நிமிடத்தில் ஹைப்பர்வைசரில் எடுங்கள். அதே நிமிடத்தில் பெட்டியில் எடுங்கள். மூன்று எண்களில் எந்த இரண்டுக்கு நடுவே தாவுகிறதோ அங்கே குற்றவாளி. யூட்டிலைசேஷன் சதவீதம் 100 காட்டுகிறதே என்று பதறாதீர்கள், பல கோரிக்கைகளை ஒன்றாக முடிக்கும் டிரைவ்களில் அந்த எண் நிரம்பிவிட்டது என்று அர்த்தம் கொடுக்காது. போஸ்ட்கிரெஸ் 16-லிருந்து பிஜி_ஸ்டாட்_ஐஓ என்று ஒரு பார்வை இருக்கிறது, ஐஓ நேரக் கணக்கை இயக்கி வைத்தால் டேட்டாபேஸே தன் பக்கத்துக் கணக்கைச் சொல்லும்.

அக்கம்பக்கத்து ஆட்களின் லோடை எப்படிச் சோதிப்பது?

நீங்களே அக்கம்பக்கமாக மாறுங்கள். அதே குளத்தில் இரண்டு மூன்று வால்யூம் வாங்கி, அவற்றில் பெரிய பெரிய ரைட்டுகளை முழு வேகத்தில் விட்டுவிட்டு, உங்கள் டேட்டாபேஸ் வால்யூமில் ஃப்ளஷ் நேரத்தைப் பாருங்கள். ஒருவர் எவ்வளவு உபயோகிக்கலாம் என்ற வரம்பு வசதி பெட்டியில் இருந்தால் அதைப் போட்டு மறுபடி. காலியான பெட்டியில் எடுத்த எண், கல்யாணத்துக்கு முன்தின மண்டபத்தில் கைகழுவும் இடம் காலியாக இருந்தது என்று சொல்வது மாதிரி.

மாற்றிய பிறகு பிரச்சினை வந்தால்?

பழைய வால்யூமுக்கு லாக் ரெப்ளிகேஷனைத் திருப்பி ஓடவிட்டு வையுங்கள், குறைந்தது ஒரு மாதக் கடைசிக் கணக்கு முடியும்வரை. நாங்கள் ஒருமுறை பத்தாவது நாளே பழைய டிஸ்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். மாதம் முடிந்து அந்தப் பெரிய ரிப்போர்ட் ஓடியது இருபத்தொன்றாவது நாள்.